அகதி எனும் சொல்

புலம்பெயர்ந்தோர்பால் மக்கள் கொள்ளும் மனப்பாங்கை ஆராய்வோர் தொழில், கூலி முதலியவற்றையே பெரிதும் எண்ணிப் பார்க்கின்றனர். வானூர் வட்டாரத்தை நோக்குமிடத்து, இட்ட பெயரும் அரசின் போக்கும் அவற்றினும் வலியன என்றே நமக்குத் தோன்றுகிறது.

1968 பிப்ரவரி 28இல் 124 நாடுகளின் மண்ணைத் தாழியிலிட்டு இங்கே ஆரோவில் தொடங்கப்பெற்றது. கடல்கடந்து வந்து அங்கே குடியேறியோரை எவரும் அகதி என்பதில்லை. அவர்கள் விரும்பி வந்தோர் என்பது உண்மையே. அதற்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. நம் மொழியே பேசும் அவர்களுக்குக் கிடைத்த பெயர் அகதி, அதாவது கதியற்றவர். அரபியில் 'லாஜிஃ' என்பர். புகலிடம் நாடுபவர் என்பது பொருள். இவ்வேறுபாடு சிறிதன்று.

1983 ஜூலைக் கலவரத்தின்பின் வந்தோரைத் தமிழகம் உறவினராகவே வரவேற்றது. அவர்களுக்காகக் கடையடைப்பும் ஊர்வலமும் நடந்தன. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் அவர்களே ஐயத்துக்குரியோராயினர். 1992இல் திருப்பியனுப்புதல் தொடங்கிற்று. விரும்பித்தான் செல்கின்றனரா எனக் கேட்டறிய ஐ.நா. அகதிகள் ஆணையம் அவ்வாண்டே சென்னையில் அலுவலகம் திறந்தது. மொழியுறவு எட்டாண்டுகளே தாங்கியது! குற்றமிழைத்தோர் சிலராயிருக்க, பழி முகாம்வாசிகள் அனைவர்மீதும் விழுந்தது. இத்தகைய பழியின் சுமையை நம் சமுதாயமும் அறியும்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு இவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. நன்று. ஆயினும், 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இல்லையேல் பிறப்பால் குடியுரிமை கிட்டாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முகாமிலேயே பிறந்து, இலங்கையைக் கண்டிராத தலைமுறை இதற்குள் பெற்றோராகிவிட்டது.