மஞ்சள் முனை முதல் எச்டிஎம்ஐ வரை: ஒரு வயர் வந்த வழி

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வீதியில் தென்னக்கும்புரப் பாலத்தைத் தாண்டி, குண்டசாலைப் பக்கத்தைக் கடந்தால் பல்லேகல. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு அது மைதானம். வேலைக்கு வருபவர்களுக்குக் கைத்தொழில் பூங்கா. இங்கே குடியிருக்கும் பல வீடுகளின் ஹோலில் டிவிக்குப் பின்னால் ஒரு கறுப்பு வயர் தொங்கும். ஒரு முனை டிவியில் இருக்கும். மறுமுனை பிள்ளை படிக்கிற லெப்டொப்புக்காகக் காத்திருக்கும். ஞாயிறு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அதைச் செருகினால் வீடு முழுக்க ஒரே படத்தின் முன் வந்து உட்காரும். இந்த வயருக்கு நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட பரம்பரை உண்டு.

இலங்கைக்கு டிவி வந்தது ஒரு தனி வீட்டுக்குள்தான். 1975இல் இந்தியா தன் கிராமங்களுக்குச் செய்மதி வழியாக நிகழ்ச்சிகளை அனுப்பும் சைட் பரிசோதனையைத் தொடங்கியபோது, இந்தியப் பொறியியலாளர்கள் கொழும்பில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டில் ஒரு டிஷ் அன்டனாவைப் பொருத்திக் கொடுத்தார்கள். நாட்டில் ஒளிபரப்பு நிலையம் ஒன்று வருவதற்கு முன்பே அந்த வீட்டில் டிவி ஓடியது. 1979 ஏப்ரல் 13இல் ஐ.டி.என். என்ற நிலையம் தொடங்கியது, அது கொழும்பைச் சுற்றித்தான் தெரிந்தது. மலைநாட்டின் ஹோல்களுக்குள் படம் வந்தது 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கிய பிறகு. ஜப்பான் கொடுத்த உதவியில் அமைந்த அந்த நிலையத்தின் அலைகள் பிதுருதலாகல உச்சியிலிருந்து புறப்பட்டன. 2,500 மீட்டருக்கு மேல் உயரமான மலைதான். ஆனாலும் கண்டிப் பக்கத்தில் ஒவ்வொரு குன்றும் ஒரு மறைப்பு. ஒருவர் கூரையில் ஏறி அன்டனா பைப்பைத் திருப்புவார். உள்ளேயிருந்து இன்னொருவர் "இப்ப சரி, விடுங்க" என்று கத்துவார். அப்படித்தான் படம் பிடித்தோம்.

படம் பிடித்தாலும், எதைப் பார்ப்பது என்பது நம் கையில் இல்லை. தமிழுக்கு ஒதுக்கிய நேரம் கொஞ்சம்; படம் போடும் நாளையும் நேரத்தையும் வேறு யாரோ தீர்மானித்தார்கள். அதனால்தான் வீடியோ கசட் ஓட்டும் டெக் வந்தவுடன் மலையகத் தமிழ் வீடுகள் அதை அவ்வளவு ஆசையோடு பிடித்துக்கொண்டன. டிவியையும் டெக்கையும் சேர்த்து ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடியும் வரை படம் போட்டுப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. மாமா, சித்தப்பா, பக்கத்து லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் பாயில் இருப்பார்கள். அந்த இரவுகளில்தான் பெரிய திரை முதல்முறையாக வீட்டார் சொன்னதைக் கேட்டது.

அந்த டெக்கை டிவியோடு இணைத்த வயர்தான் நம் கதையின் பாட்டன். அன்று பெரும்பாலான டிவிகளுக்குத் தெரிந்த ஒரே வாசல் அன்டனா வாசல். எனவே டெக் தன் படத்தை ரேடியோ அலையாக்கி, ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம் போல் நடித்து, அந்த வாசல் வழியாக உள்ளே போனது. 1982இல் பிரித்தானியாவில் வந்த ஸின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியும் இதையேதான் செய்தது. அதற்கென்று தனித் திரை கிடையாது. யுஎச்எஃப் 36ஆம் அலைவரிசைக்கு டிவியைத் திருப்பினால் கணினி தெரியும். வீட்டுக் கணினியை டிவியில் பார்ப்பது பின்னால் வந்த வித்தை இல்லை. அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளில் பல பிறந்ததே டிவியை நம்பித்தான். மேசைக் கணினிக்குச் சொந்தத் திரை வந்த பிறகே இரண்டும் தனிக் குடித்தனம் போயின.

அவற்றை மறுபடி சேர்த்து வைத்தது மஞ்சள் முனை. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1930களில் இசைத்தட்டுப் பெட்டியை ரேடியோவோடு இணைக்கச் செய்த செருகி அது. பின்னாளில் படத்துக்கு மஞ்சள், சத்தத்துக்கு வெள்ளையும் சிவப்பும் என்று நிறம் பிரிந்தது. 1993இல் வகுக்கப்பட்ட வீசீடி 1990களின் பிற்பாதியில் நம் ஊர்களுக்கு வந்தபோது இந்த மூன்று நிறங்களும் எல்லா வீட்டுக்கும் பழக்கமாகின. ஒரு வீசீடியில் 74 நிமிடப் படம். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தட்டு. வீசீடி பிளேயர் இல்லாத வீட்டில் கணினியே பிளேயர். பதினான்கு அங்குலத் திரை மூலையில் மேசை மேல் இருக்கும். கதிரையில் ஒருவர், பின்னால் ஆறு தலைகள். கணினிக்குப் பின்னால் டிவி அவுட் என்று ஒரு துளை இருப்பதை யாராவது கண்டுபிடித்துச் சொல்லும்வரை அப்படித்தான்.

அந்தத் துளையோடு பட்ட பாடு கொஞ்சம் இல்லை. மஞ்சள் வயரைச் செருகுவோம். படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது மேலும் கீழும் உருளும். வயர் கெட்டுவிட்டது என்று கண்டி டவுனுக்குப் போய் இன்னொன்று வாங்குவோம், அதுவும் அப்படியே. குற்றம் வயரில் இல்லை. இலங்கையின் டிவி பால் முறையில் ஓடுகிறது: 625 கோடு, விநாடிக்கு 25 படம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அன்று என்டிஎஸ்சி: 525 கோடு, ஏறக்குறைய 30 படம். கணினியின் கார்ட் பல சமயம் அமெரிக்கப் பழக்கத்தோடுதான் விழித்தெழும். அமைப்புக்குள் போய் பால்-பி என்று மாற்றிய நொடியில் கதாநாயகியின் சேலைக்கு நிறம் வந்துவிடும். எஸ்-வீடியோ என்ற நான்கு ஊசி வாசலிலும் இதே ஏமாற்றம் இருந்தது. அது வெளிச்சத்தையும் நிறத்தையும் இரண்டு தனிப் பாதையில் அனுப்புகிறது. மலிவான மாற்றி ஒன்று வெளிச்சப் பாதையை மட்டும் மஞ்சள் முனைக்குக் கொடுத்தால் நிறம் வழியிலேயே நின்றுவிடும்.

இன்னொரு தொல்லை ஓரம் வெட்டுப்படுவது. குழாய் டிவிகளில் படத்தின் விளிம்பு கோணலாக இருக்கும் என்பதால், படத்தைத் திரையைவிடச் சற்றே பெரிதாக விரித்து விளிம்பைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவது தயாரிப்பாளர்களின் வழக்கம். சினிமாவுக்கு அது கேடு செய்யவில்லை. கணினியை இணைத்தால் அடியில் உள்ள ஸ்டார்ட் பொத்தானும் சப்டைட்டிலின் கடைசி வரியும் காணாமல் போகும். குழாய் போய்த் தட்டைத் திரை வந்த பிறகும் இந்தப் பழக்கம் சாகவில்லை. இன்றைக்கும் புது டிவியில் எச்டிஎம்ஐ வழியாகச் செருகி, ஓரம் தெரியாமல் தவிக்கிறவர்கள் உண்டு. டிவியின் பட அளவு மெனுவில் ஸ்க்ரீன் ஃபிட் அல்லது ஜஸ்ட் ஸ்கான் என்று இருப்பதைத் தேர்ந்தால் முழுப் படமும் வரும்.

நடுவில் விஜிஏ என்ற பதினைந்து ஊசி வாசல் சில வருடம் ஆண்டது. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது. எழுத்து தெளிவாகத் தெரியும், ஆனால் சத்தம் போகாது. ஹெட்ஃபோன் துளையிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும்.

பிறகு எச்டிஎம்ஐ. ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சிலிக்கன் இமேஜ், சோனி, தொம்சன், டொஷிபா என்ற ஏழு நிறுவனங்கள் சேர்ந்து 2002 டிசம்பரில் வெளியிட்ட வரையறை அது. படமும் சத்தமும் எண்களாக ஒரே வயரில், 19 ஊசிகள் வழியாகப் போகும். எண்களாகப் போவதால், சாதாரண எச்டி படத்துக்கு விலை கூடிய வயர் போட்டால் படம் அழகாகும் என்பது பொய். ஹோலுக்குப் போதுமான இரண்டு, மூன்று மீட்டர் நீளத்தில் உறுதியான சாதாரண வயரே போதும். செருகியதும் வரும் முதல் கேள்வி இன்னும் மாறவில்லை. "தம்பி, படம் வருது, சத்தம் மட்டும் லெப்டொப்லயே கேக்குதே?" சத்தம் வெளியேறும் இடத்தைக் கணினியில் டிவிக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். படமே வராவிட்டால் விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, இரண்டு திரையிலும் காட்டு என்று சொல்லிப் பாருங்கள்.

வயர் மட்டும் வளர்ந்தால் போதாது, அதற்குள் ஓடப் படம் வேண்டும். இங்கே நம் நாட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இலங்கையின் பல இணையப் பொதிகளில் பகல் டேட்டா வேறு, இரவு டேட்டா வேறாக இருந்தது. பகல் பங்கு சீக்கிரம் தீரும். நள்ளிரவுக்குப் பின் உள்ள பங்கு கிடந்து வீணாகும். அதனால் பல்லேகலவில் எத்தனையோ கணினிகள் ராத்திரியில் தனியாக விழித்திருந்து டவுன்லோட் செய்தன. காலையில் கோப்பு தயார். மாலையில் டிவியில் படம். அந்தக் கோப்புகளைத் திறந்தது பெரும்பாலும் விஎல்சி. பாரிஸின் எகோல் சென்ட்ரல் மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை அது; 2001இலிருந்து யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய இலவச மென்பொருள். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் திறக்கும் அந்த ஆரஞ்சு நிறக் கூம்பின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

பென் டிரைவை நேரே டிவியில் செருகினால் போதாதா, கணினி எதற்கு என்று கேட்பார்கள். பல படங்களுக்குப் போதும். ஆனால் எஃப்ஏடி32 முறையில் அமைத்த பென்னில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. டிடிஎஸ் ஒலி உள்ள படத்தைச் சில டிவிகள் ஊமைப் படமாக்கிவிடும். தமிழ் சப்டைட்டில் பல டிவிகளில் கட்டம் கட்டமாக, அல்லது கொம்பும் புள்ளியும் இடம் மாறி வரும். கணினியில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரியும். மலையாளப் படத்தையும் கொரியப் படத்தையும் தமிழ் எழுத்தில் வாசித்தபடி பார்க்க விரும்பும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பழைய பதிவுகளுக்கும் கணினிதான் துணை. 2011 மார்ச் 8இல் எங்கள் பல்லேகல மைதானத்தில் உலகக் கிண்ண ஆட்டம். நியூஸிலாந்தின் ரொஸ் டெய்லர் தன் 27ஆவது பிறந்தநாளில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 131 ஓட்டங்கள் எடுத்தார். கணினியின் டிவி கார்ட் வழியாகப் பதிந்த அந்த ஆட்டத்தின் கோப்பு என்னிடம் இருக்கிறது. அதை இன்றைய டிவியில் போட்டால், வீசிய மட்டையின் விளிம்பு சீப்புப் பல் போல் பிரிந்து தெரியும். பழைய ஒளிபரப்பு ஒற்றைக் கோடுகளை ஒரு தடவையும் இரட்டைக் கோடுகளை மறு தடவையுமாக, விநாடிக்கு 50 அரைப் படங்களாக அனுப்பியது. குழாய் டிவிக்கு அது தாய்மொழி. தட்டைத் திரை இரண்டையும் ஒன்றாக ஒட்டுகிறது. விஎல்சியின் வீடியோ மெனுவில் டீ-இன்டர்லேஸ் என்பதை இயக்கினால் மட்டை மறுபடி ஒன்றாகும்.

வயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லாமல் விட மனம் இல்லை. இரண்டு ஊசி அடப்டரில் ஓடும் லெப்டொப்பின் உலோக உடலைத் தொட்டால் மெல்லிய கூச்சம் தெரியும். எர்த் இல்லை என்பதன் அடையாளம் அது. அந்த நிலையில் வயரைச் செருகினால் எச்டிஎம்ஐ வாசல் எரியக்கூடும். இரண்டையும் அணைத்து, அடப்டரையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டுச் செருகுங்கள். இன்னும் பெரியது இடி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கண்டியில் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும். கூரை அன்டனாவில் அல்லது டிஷ்ஷில் ஏறும் மின்வீச்சு டிவிக்குள் வந்து, எச்டிஎம்ஐ வழியாக லெப்டொப் வரை போகும். பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. அன்டனா வயரையும் கழற்ற வேண்டும்.

இப்போது வயருக்குள்ளேயே ஒரு பூட்டும் இருக்கிறது. இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி என்ற பாதுகாப்பு. காசு கட்டிப் பார்க்கும் சேவைகளின் படம், இடையில் பழைய மாற்றி ஒன்று இருந்தால் கறுத்துப் போகும். பார்க்கும் படத்தை நம் கையில் கொடுத்த வயர், இந்த இடத்தில் மறுபடி வேறு யாரோ சொல்வதைக் கேட்கிறது. சேவையிலிருந்து ஒரு படம் நீக்கப்பட்டால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஹாட் டிஸ்க்கில் இருக்கும் கோப்பு அங்கேயே இருக்கும். 2018 மார்ச்சில் திகனப் பக்கம் நடந்த வன்முறையின் போது ஊரடங்கும் போட்டார்கள், பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். கோப்புக்கு இணையம் தேவையில்லை என்பது அப்படிப்பட்ட நாட்களில்தான் உறைக்கிறது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போன காலத்தில் டிவி கறுத்துக் கிடந்தது. பட்டரி இருந்த லெப்டொப் மட்டும் படம் காட்டியது. பழையபடி ஒரு சின்னத் திரைக்குப் பின்னால் ஆறு தலைகள்.

மஞ்சள் முனைக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, இந்த முறை எதிர்த் திசையில். அலுமாரியில் கிடக்கும் கலியாணக் கசட், பூப்புனித நீராட்டு விழாக் கசட், வெளிநாட்டுக்குப் போன அண்ணனுக்கு அனுப்பப் பிடித்த பிறந்தநாள் கசட் எல்லாம் கண்டியின் ஈரக் காற்றில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. டெக்கின் மஞ்சள் முனையை யுஎஸ்பி கெப்ச்சர் என்ற சின்னப் பெட்டி வழியாகக் கணினிக்குக் கொடுத்தால் கசட் கோப்பாகும். மூன்று மணித்தியாலக் கசட்டுக்கு மூன்று மணித்தியாலம் ஆகும், வேகப்படுத்த வழியில்லை. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும் கசட்டை அப்படியே டெக்கில் போடாதீர்கள், தலை அழுக்காகி மற்றக் கசட்டுகளும் கெடும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கோப்பை எம்பி4ஆக வைத்து, இரண்டு ஹாட் டிஸ்க்கில் கொப்பி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் டெக் தயாரிப்பதை நிறுத்திவிட்டது; புது டெக் இனி வராது. வீட்டில் ஒன்று இன்னும் ஓடுமானால், தயவுசெய்து இந்த வருடமே செய்து முடியுங்கள்.