துப்பாக்கி தூக்காதவர்களின் பாட்டு

திருவட்டாற்றில் எங்க தெருவில் பட்டாளத்துக்குப் போனவர்களின் போட்டோ சுவரில் மாலையோடு தொங்கும். போகமாட்டேன் என்று சொன்னவனுக்குப் போட்டோ கிடையாது. "ஆருக்கோ வேண்டி நாம எதுக்கு மக்கா சாவணும்?" என்று பாட்டி கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியின் பேச்சு என்று சிரித்திருக்கிறேன்.

அதே கேள்வியை முதல் உலகப் போர்க் காலத்தில் (1914-18) ரோட்டில் இறங்கிக் கேட்ட ஒருவர் எங்கள் பழைய திருவிதாங்கூரிலேயே இருந்தார் என்பது ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாம், நம் பெரியவர்கள் சிலரை எல்லைக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டோம்.

அவர் பொய்கையில் யோகன்னான். 1879இல் திருவல்லா பக்கம் இரவிபேரூரில் அடிமைப்பட்ட பறையர் குடும்பத்தில் பிறந்தார். அடிமை முறை ஒழிந்தது என்று ராஜா விளம்பரம் போட்டது 1855இல். காகிதத்தில் ஒழிந்தது வயலில் ஒழியவில்லை. மார்த்தோமா சபைக்குப் போனார், அங்கேயும் சாதி. வெளியே வந்து பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கினார். அவருடைய பிரசங்கத்தில் பாதி பாட்டு. விற்கப்பட்ட அப்பனையும் அம்மையையும் தேடி அழுகிற பிள்ளைகளைப் பற்றிப் பாட, கேட்டிருந்த சனம் விடிய விடிய அழுதது.

போர் வந்ததும் அந்தச் சனத்தைக் கூட்டிக்கொண்டு உலகத்துக்குச் சமாதானம் வேண்டும் என்று முழங்கி ஊர்வலம் போனார். யோசித்துப் பாருங்கள். திருவிதாங்கூரில் நாயர் பட்டாளம் நாயருக்கு மட்டும். நம்மாளை வாசலில்கூட விடமாட்டான். ஆயுதம் தொட அனுமதி இல்லாதவன் ஆயுதமே வேண்டாம் என்கிறான். இது இயலாமை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனுசனை மனுசன் பிடித்துக்கொண்டு போவது என்னவென்று அடிமையின் பிள்ளைக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்?

அதே போரில் பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை வந்தது. மனசாட்சி ஒப்பவில்லை என்று 16,000 பேருக்கு மேல் மறுத்தார்கள். பலர் ஜெயிலுக்குப் போனார்கள். அவர்களுக்கு 1994 மே 15இல் லண்டன் டாவிஸ்டாக் சதுக்கத்தில் ஒரு கல் நட்டார்கள். வருசந்தோறும் அங்கே கூடுகிறார்கள், பாடுகிறார்கள். இந்தியாவில் அப்படிக் கட்டாயச் சட்டம் இல்லாததால் யோகன்னானும் அவர் சனமும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

நம் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கக் கூடாது. பீமா கோரேகான் தூணில் உள்ள 49 பெயர்களில் 22 மகர்களுடையவை. 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் அங்கே போனார். 1941இல் மகர் ரெஜிமெண்ட் உண்டாகப் பாடுபட்டார். பட்டாளம் நமக்குச் சம்பளம், பள்ளிக்கூடம், செருப்புப் போட்டு நிமிர்ந்து நடக்கும் உரிமை. என் தெருச் சுவரில் இருக்கும் போட்டோக்களை நான் இறக்கச் சொல்ல மாட்டேன். சுவரில் இன்னும் இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

யோகன்னான் 1921லும் 1931லும் ஸ்ரீமூலம் பிரஜா சபை உறுப்பினரானார். அங்கே நிலம் கேட்டார், படிப்புக் கேட்டார். 1939இல் இறந்தார். பாட்டுகள் வெகுகாலம் அச்சேறவில்லை. பெண்களின் வாயிலும் கூட்டங்களிலும்தான் உயிரோடு இருந்தன. அவர் பிறந்த பிப்ரவரி மாசத்தில் இரவிபேரூரில் பெருங்கூட்டம் கூடி அவற்றைப் பாடுகிறது. திருவட்டாற்றிலிருந்து விடியற்காலை பஸ் ஏறினால் மத்தியானத்துக்குப் பிறகாவது போய்ச் சேர்ந்துவிடலாம்.