ஊறலும் பட்டையும்: மணமூட்டிய சாராயம் குறித்துச் சில குறிப்புகள்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனபோது, வெளியூர் நண்பர்கள் சிலர் என்னைக் கூப்பிட்டு, 'உங்க ஊர்லதானே?' என்று கேட்டார்கள். இல்லை. என் ஊர் அரியலூர்ப் பக்கத்துக் கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாளையும் சுண்ணாம்புக்கல்லையும் வைத்துத்தான் எங்களை வெளியே தெரியும். பெயர்க் குழப்பம்தான், ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் 'ஸ்பைஸ்டு ரம்' பாட்டில் ஒன்றைத் திறந்தார். வெனிலா, பட்டை, கிராம்பு, சாதிக்காய் வாசம். உடனிருந்த என் பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: 'என்னப்பா இது, நம்ம பட்டச் சாராயத்துக்குச் சட்ட மாட்டி உட்ட மாதிரி இருக்கு.'

அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சு மட்டுமில்லை. கரும்பிலிருந்து வருகிற சாறு, வெல்லம், கழிவுப்பாகு, இவற்றில் எதைப் புளிக்கவைத்து வடித்தாலும் அது ரம்மின் வகையறாதான். நம் ஊர்களில் வெல்லத்தைக் கரைத்து, வெள்வேலம்பட்டையைத் தட்டிப்போட்டு, ஊறல் போட்டு வடித்தார்கள். பட்டையின் துவர்ப்பு ஊறலின் கசடைப் படியவைக்கும்; கூடவே தன் மணத்தையும் கொடுக்கும். அந்த மரத்துக்குச் சாராயப்பட்டை மரம் என்றே ஒரு பெயர். ஆங்கிலத் தாவரவியலிலும் அது சாராயம் வடிப்பவரின் வேலமரம்தான். மேலைநாட்டு ரம் ஓக் பீப்பாயில் கிடந்து வெனிலா மணம் பெறுவதும் மரத்தின் தயவில்தான்.

இந்த ருசி அறிவுக்கு நீண்ட மரபு உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார், வலைஞர் குடியிருப்பில் அரிசிக் களியை ஆற்றி, முளைநெல்லின் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்துப் பிழிவதைச் செய்முறையாகவே எழுதிவைத்திருக்கிறார். மூங்கிலில் முதிர்ந்த தேறல் வேறு; நாட்பட்டுத் தேள் கொட்டியதுபோல் கடுக்கும் தேறல் வேறு; யவனர் கலத்தில் வந்த தேறல் வேறு. வகை பிரித்துப் பேசத் தெரிந்த ஒரு சமூகத்தின் மொழி இது. இன்றைக்குக் கடை ஜன்னலில் கை நீட்டுகிறவனின் மொழியில் 'ஒரு குவாட்டர்' என்ற அளவு மட்டும்தான் மிச்சம்.

இடையில் நடந்தது என்ன? சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் (1886) வடிப்பதை உரிமத்துக்குள் அடைத்தது. சிறு அடுப்புகள் குற்றமாயின. பெரிய வடிசாலைகள் வருமானமாயின. தேசியவாதிகளின் ஒழுக்கச் சொல்லாடல் இதன்மேல் வந்து உட்கார்ந்தது. 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-இல் கருணாநிதி அரசு கடைகளைத் திறந்தது, 1974-க்குள் மூடியது. 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு கள்ளையும் சாராயத்தையும் மறுபடி அனுமதித்தது. 1987 ஜனவரியில் இரண்டுக்கும் தடை. 1983-இல் உருவான டாஸ்மாக், 2003-இல் சில்லறை விற்பனையையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. கள் குற்றம், வெல்லச் சாராயம் குற்றம், ஆலை ரம் சட்டபூர்வம். இந்த வரிசையில் எங்குமே மது ஒழியவில்லை. வடிக்கத் தெரிந்தவனின் கையிலிருந்த அறிவுதான் ஒழிந்தது. அந்த வெற்றிடத்தில்தான் மெத்தனால் கேன் வந்து இறங்குகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. வெல்லம், காட்டாத்திப்பூ, சுக்கு, மிளகு, திப்பிலி சேர்த்துப் புளிக்கவைத்தால் தானாகவே சாராயச் சத்து ஊறும். அதற்கு அரிஷ்டம் என்று பெயர். மருந்துக்கடை அலமாரியில் கௌரவமாக நிற்கும். அதே வெல்லமும் அதே மணப்பொருளும் கைமாறும்போது ஒன்று வைத்தியமாகிறது, இன்னொன்று வழக்காகிறது. தரம் பார்த்துப் போட்ட கோடு இல்லை இது. யார் கை என்று பார்த்துப் போட்டது.

சரி, நல்ல மணமூட்டிய ரம்மை எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் அடிச்சரக்கைப் பார்க்க வேண்டும். இங்கே மலிவாக விற்கும் ரம் பலவும் மணமற்ற ஆல்கஹாலில் நிறமும் எசன்சும் சேர்த்தவை. மணப்பொருள் சரக்கின் குறையை மூடுகிறதா, அதோடு சேர்ந்து பேசுகிறதா என்பதே சோதனை. கொஞ்சம் தண்ணீர் விட்டு முகர்ந்தால் எசன்ஸ் முதலில் பாய்ந்து சீக்கிரம் ஓடிவிடும். பட்டையும் கிராம்பும் நின்று மெதுவாக வரும். சர்க்கரை நாக்கில் ஒட்டினால் எதையோ மறைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி மணமூட்டியதை வெறுமனே ரம் என்று விற்கக் கூடாது. ரம்முக்குக் குறைந்தது 37.5 சதவீதம் ஆல்கஹாலும் வேண்டும். நம் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். உள்ளே எதனால் மணக்கிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கில்லை. 1954-இல் வந்த ஓல்டு மங்க் இத்தனை பேருக்குப் பிடித்துப்போனதற்கு அதன் வெனிலாச் சாயலும் ஒரு காரணம். ருசி இன்னும் சாகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் ஒன்று: மெத்தனாலை மூக்கோ நாக்கோ காட்டிக்கொடுக்காது. எந்த ரசனையும் அங்கே காப்பாற்றாது.

குடியைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. கூலிப்பணம் கடையில் கரைவதைப் பார்த்த பெண்கள் கடையை மூடச் சொல்லும்போது அவர்களுக்கு எதிராக 'சுவை' என்று பேச எனக்கு வாயில்லை. ஆனால் அவர்கள் கேட்பதும், கருணாபுரத்தில் செத்தவர்களின் பிள்ளைகள் கேட்பதும் ஒரே கேள்வி: எங்கள் வீட்டுக்கு இதை அனுப்புவது யார்? ஏழை என்ன குடிக்கிறான் என்பதை அவன் அறியாதபடி வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு நாம் மதுக்கொள்கை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். காட்டோரம் ஒரு வெள்வேலம் நின்றது. பெரியப்பா அதன் பட்டையைத் தடவிப்பார்த்து, எந்தப் பருவத்தில் உரிக்க வேண்டும், எவ்வளவு வெல்லத்துக்கு எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சாலையில் ஒரு பைக் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.