பச்சையப்ப முதலியார் உயிலும் கல்வி அறமும்

திருக்குட நீராட்டுக் காணவரும் அன்பர்கள் கோபுரத்தை அண்ணாந்து வணங்குவர்; அதன் அடியிற் கிடக்கும் கல்லை நினைப்பார் சிலரே. அறங்கட்கும் அத்தகைய அடிக்கல் ஒன்றுண்டு. அறஞ்செய்வான் தன் கருத்தைத் தெளிவுற எழுதிவைக்கும் எழுத்தே அது.

நம் முன்னோர் இதனை நன்கறிவர். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் உள்ள முதலாம் இராசேந்திர சோழர் காலத்துக் கல்வெட்டு, 340 மாணவர்க்கும் அவர்தம் ஆசிரியர்க்கும் வகுத்த கல்வி அறத்தைக் கூறும். இன்ன துறை பயில்வார் இத்துணையர், அவர்க்கு நாள்தோறும் இவ்வளவு நெல், அதற்குரிய நிலம் இது என ஐயத்திற்கிடமின்றிக் கல்லில் வெட்டுவித்தனர்.

பிற்காலத்தே இவ்வுண்மையை வழக்குமன்றத்தின் வாயிலாக நாடு கற்க நேர்ந்தது. பச்சையப்ப முதலியார் 1754இல் பிறந்தவர். பிறக்குமுன்னரே தந்தையை இழந்தவர். நாராயண பிள்ளை என்னும் பெருந்தகையின் ஆதரவிலேயே அக்குடும்பம் வாழ்ந்தது. பிள்ளையும் கல்வி பெற்றது. பின்னர் அவர் துபாஷியாகிப் பெரும்பொருள் ஈட்டினார். தில்லைக் கீழைக் கோபுரத் திருப்பணியோடு அவர் பெயர் இன்றும் சேர்த்துப் பேசப்படுகின்றது. 1794இல், நாற்பதாம் அகவையில், காவிரி நாட்டில் நோயுற்றிருந்தபோது, தம் பொருளைத் திருக்கோயில் வழிபாட்டிற்கும் பிற அறங்கட்கும் உரியதாக்கி உயில் எழுதிவைத்துச் சிவபதம் எய்தினார்.

எழுதியவர் மறைந்தார், உரிமை கொண்டாடுவோர் எழுந்தனர். வழக்கு ஆண்டுகள் பலவாக நீண்டது. அறம் உறங்கிற்று, ஆயினும் பொருள் வட்டியோடு பெருகிற்று. உயில் என்னும் எழுத்து ஒன்று இருந்தமையாலன்றோ மன்றம் அப்பொருளை அறத்திற்கே மீட்டது! கோயிற் கட்டளைகட்கு வேண்டுவது போக எஞ்சியதைக் கல்விக்கு ஆக்குமாறு வகை செய்யப்பட்டது. அரசு தலைமை வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதற்குப் பெரிதும் துணைநின்றார். 1842 ஜனவரி முதல்நாளிற் சென்னையிற் பள்ளி திறக்கப்பெற்றது. அது 1889இற் கல்லூரியாய் உயர்ந்தது. 1940இற் சேத்துப்பட்டிற்குப் பெயர்ந்தது. காஞ்சியிலும் சிதம்பரத்திலும் அவர் பெயராற் பள்ளிகள் எழுந்தன. தந்தையற்ற பிள்ளைக்கு ஒருவர் ஊட்டிய கல்வி எண்ணிறந்த பிள்ளைகட்குப் பயன்பட்டவாறு காண்க.

எனினும், உயில் எழுதிய ஆண்டிற்கும் பள்ளி திறந்த ஆண்டிற்கும் இடையே 48 ஆண்டுகள் கழிந்தன. அவ்விடைக்காலத்தே கற்றிருக்கவேண்டிய பிள்ளைகள் எத்துணையர்!

யானும் மடத்துச் சோறுண்டு கற்றவன். எவரோ எழுதிவைத்த கட்டளையே எனக்குத் தமிழும் சாத்திரமும் ஊட்டிற்று. ஆனால் யான் அறிந்த ஒரு குடியில், "இந்நன்செய் என் பேரர் படிப்பிற்கு" என்று பாட்டனார் வாயாற் சொல்லியதன்றி எழுதிற்றிலர். அவர் மறைந்தபின் நிலம் பங்காயிற்று. இளைய பேரன் படிப்பு இடைநின்றது.

ஆதலின் இல்லறத்தார் கருதத்தக்கன சில. எப்பொருள், எவர் கல்விக்கு, எவ்வளவில் என்பன தெளிவாதல் வேண்டும். பொறுப்பேற்பவர் யார், அவர்க்குப் பின் யார், கணக்கை எவரிடம் காட்டுவர், எஞ்சியது எங்குச் சேரும் என்பனவும் எழுத்தில் அமைதல் வேண்டும். குடும்பத்தார்க்கு மட்டும் அமைப்பது 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்பாற் படும். அது தலைமுறை தலைமுறையாய் முடிவின்றிச் செல்லச் சட்டம் இசையாது. பொது அறத்திற்கோ அவ்வெல்லை இல்லை. ஆகவே, தம் மக்கள் கற்றபின் எஞ்சுவது ஊர்ப்பிள்ளைகள் கல்விக்கு என ஒரு வரி சேர்ப்பின், குடும்பத்தின் கடமையும் நிறையும், அறமும் நிலைக்கும்.

உடல் நலமும் அறிவுத் தெளிவும் உள்ளபோதே அவ்வரியை எழுதுக. கோபுரம் காண்பார்க்கு அடிக்கல் தோன்றாது. ஆயினும் தாங்குவது அதுவே.