உடைந்த தட்டும் உயிர்த்த பாட்டும்



மலரைப் புரட்டும்போது நம்ம செட் ஆட்களின் போட்டோவைத்தான் முதலில் தேடுவீர்கள். தேடி முடித்ததும் ஒரு பக்கத்துக்கு மட்டும் 1950-களின் நியூயார்க்குக்கு வாருங்கள்.

அங்கே தெருமுனையிலும் சுரங்க ரயில் நிலையத்திலும் நாலைந்து பையன்கள் கூடிப் பாடுவார்கள். வாத்தியம் வாங்கக் காசு ஏது? அந்த வேலையையும் வாயே பார்த்துக்கொண்டது. ஒருவர் பாட்டை எடுப்பார். ஒருவர் அடிக்குரலில் தாங்குவார். மற்றவர்கள் அர்த்தமில்லாத அசைகளால் பக்கவாத்தியம் ஆவார்கள். 'டூ-வாப்' என்ற பெயரெல்லாம் பின்னால் வந்தது. சின்னக் கம்பெனிகள் இவர்களைக் கூப்பிட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டாகத் தட்டு போட்டன. விற்காவிட்டால் குழு கலையும், பாட்டும் போச்சு.

போன பாட்டைத் தேடிப் பிடித்தவர்கள் ரசிகர்கள்தான். 1959-ல் இர்விங் 'ஸ்லிம்' ரோஸ் என்பவர் டைம்ஸ் ஸ்கொயர் சுரங்க நடைபாதையில் பழைய தட்டுகளுக்கென்று ஒரு கடை திறந்தார். அரிய தட்டைக் கொண்டுவந்தால் நல்ல விலை கொடுப்பார்.

குவீன்ஸ் பகுதிப் பையன்களின் 'கேப்ரிஸ்' குழு 1958-ல் 'தேர்ஸ் எ மூன் அவுட் டுநைட்' பாட்டைப் பதிவு செய்தது. தட்டு விற்கவில்லை, குழு கலைந்தது. 1960-ல் ஸ்லிம் கடையில் வேலை பார்த்த ஜெர்ரி கிரீன் அதன் மூலப்பதிவை வாங்கி மறுபடி வெளியிட்டார். 1961-ல் அந்தப் பாட்டு பில்போர்ட் பட்டியலில் 3-ஆம் இடம் பிடித்தது! பிரிந்தவர்கள் திரும்பச் சேர்ந்து பாடினார்கள்.

அதே குவீன்ஸைச் சேர்ந்த 'ஃபைவ் ஷார்ப்ஸ்' குழுவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1952-ல் ஜூபிலி கம்பெனிக்காக 'ஸ்டார்மி வெதர்' பாடினார்கள். இடி, மழைச் சத்தத்தோடு தொடங்கும் பதிவு அது. 1961-ல் ஒரு சேகரிப்பாளரின் பிரதி ஸ்லிம் கைக்கு வந்தது. வினைல் என்றால் வளைந்து கொடுக்கும். இதுவோ 78 சுற்று அரக்குத் தட்டு. கடையில் வளர்த்த ரக்கூன் அதன்மேல் உட்கார, தட்டு உடைந்துவிட்டதாம். கம்பெனியைக் கேட்டால் மூலப்பதிவும் இல்லை. ஸ்லிம் பரிசுத்தொகை அறிவித்தும் இன்னொரு பிரதி வரவில்லை. 1964-ல் ஜூபிலி அதே குழுப் பெயரில் வேறு ஆட்களைப் பாடவைத்துத் தட்டு போட்டது. ரசிகர்களா ஏமாறுவார்கள்? 1972-ல் விரிசல் விட்ட ஒரு பிரதி கிடைத்தது. 'பிம் பாம் பூம்' என்ற ரசிகர் பத்திரிகை அதிலிருந்தே பாட்டை மீட்டு வெளியிட்டது. 1977-ல் விரிசலில்லாத ஒரு பிரதி 3,866 டாலருக்கு விலைபோனது.

கேப்ரிஸுக்கு மூலப்பதிவு மிஞ்சியது. ஃபைவ் ஷார்ப்ஸ் பாட்டு பிழைத்ததோ, எங்கோ ஒருவர் பழைய தட்டைத் தூக்கிப் போடாததால். கம்பெனி காப்பாற்றும் என்று இருந்திருந்தால் அந்தக் குரல்கள் அன்றே அடங்கியிருக்கும்.

நம் ஆண்டு விழா மேடைகளிலும் எத்தனையோ குழுக்கள் பாடியிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் கேசட் கிடந்தால், தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். கணினியில் ஏற்றி, நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். இன்றைய மாணவர்களும் உங்கள் குரலைக் கேட்கட்டுமே!