தீப்பெட்டியும் வரிச் சுவரும்

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு மறு வருடம் திரும்பி வந்து, ஜெர்மன் இயந்திரங்களை இறக்கிப் பார்த்தார்கள். கட்டுப்படியாகவில்லை. கைவேலைக்கு மாறினார்கள்.

அதே 1922-இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு, குரோஸ் ஒன்றுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி விழுந்தது. வெளியிலிருந்து விற்க முடியாத ஸ்வீடன் கம்பெனி என்ன செய்தது? வரிச் சுவருக்கு உள்ளேயே குடிவந்துவிட்டது. விம்கோ என்ற பெயரில் அம்பர்நாத்திலும் நம் திருவொற்றியூரிலும் அதன் தொழிற்சாலைகள் எழுந்தன.

இயந்திரத்தோடு கை மோதி நின்றதற்குக் காரணம், மழை பொய்த்த கரிசல் காட்டில் கூலி மலிவு, வெயில் இலவசம். பள்ளம் வெட்டிய சட்டங்களில் பெண்கள் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். சட்டத்தோடு மெழுகில் தோய்த்து, பொட்டாசியம் குளோரேட் மருந்தில் முக்கிக் காயவைப்பார்கள். பெட்டியின் பக்கவாட்டில் செம்பாஸ்பரஸ் பூச்சு. அந்தச் சட்டங்களுக்கு முன்னால் குழந்தைகளும் உட்கார்ந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. மலிவுக் கூலியைப் புதுமை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

புதுமை பெட்டியின் மேலே ஒட்டிய தாளில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் படத்தைச் சொல்லித்தான் தீப்பெட்டி கேட்பார்கள். நிறம் மங்கினால் போலி என்று தள்ளிவிடுவார்கள். எனவே லேபிளுக்காக லித்தோ அச்சு வந்தது. லேபிள் வேலை ஓய்ந்த நேரத்திலும் இயந்திரத்துக்குத் தீனி வேண்டுமே. காலண்டர், டைரி, அழைப்பிதழ் என்று அச்சுத்தொழில் தனியாகவே கிளை விட்டது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றபோது மருந்து கையாளத் தெரிந்த ஊர் அந்த இடத்தையும் பிடித்தது. ஒரு தொழில் வளர்கிறதா என்பதற்கு, அது எத்தனை பிற தொழில்களை ஈன்றது என்பதையே நான் கணக்காகப் பார்க்கிறேன்.

1934-இல் உற்பத்தி வரி வந்தது. பிற்பாடு சிறிய ஆலைக்குக் குறைந்த வரி என்று படிநிலை வைத்தார்கள். அதனால் பல வீடுகளில் உலை கொதித்தது உண்மை. ஆனால் பெரிதாக வளர்ந்தால் வரி கூடும். ஒரே முதலாளி ஆலையை நாலாகப் பிரித்து நாலு பெயர்ப்பலகை மாட்டினார். இயந்திரம் வாங்க வேண்டிய மூளை, பெயர்ப்பலகைக்குச் செலவானது.

தீப்பெட்டி விலையும் எளிதில் அசையவில்லை. 1995-இல் ஐம்பது காசு, 2007-இல் ஒரு ரூபாய், 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய். அதற்குள் மலிவு பிளாஸ்டிக் லைட்டர்கள் கடல் கடந்து வந்துவிட்டன. 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை அரசு தடைசெய்தது. நூறு வருடம் கழித்து மறுபடி ஒரு சுவர்.

எங்கள் வீட்டுக் கேஸ் அடுப்பு குமிழைத் திருகினாலே பற்றிக்கொள்கிறது. சாமி விளக்குக்கு மட்டும் ஒரு தீப்பெட்டி மாடத்தில் இருக்கிறது. அது இரண்டு மாதம் வரும்.