சடைமுடிப் பராமரிப்பில் சோற்றுக்கற்றாழை (இலங்கை மலையகம்)

சோற்றுக்கற்றாழை மடலின் வழுவழுப்பான சோற்றைத் தலையில் தேய்த்துக் குளிப்பது தமிழர் வீடுகளில் பழைய வழக்கம். சீப்பு நுழையாதபடி திரிதிரியாக இறுகிய சடைமுடிக்கும் அதையே பயன்படுத்துவோர் உண்டு. இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா பகுதித் தேயிலைத் தோட்டங்களில், குளிரும் ஓயாத ஈரமும் இந்தப் பராமரிப்பின் போக்கையே மாற்றிவிடுகின்றன. வெயில் நாட்டில் சடைக்கு வறட்சி பகை. இங்கே நனைந்த சடை உலராமல் கிடப்பதுதான் பகை. கற்றாழை நன்மை செய்யுமா, கெடுதல் செய்யுமா என்பது பெரும்பாலும் இந்த ஒன்றைப் பொறுத்தே அமைகிறது.

சடை வளர்ப்போர்

மலையகத்தில் சடை வளர்ப்போர் சிறுபான்மையினரே. நேர்த்திக்கடனுக்காக முடியை வாராமல் விட்டவர்கள், அம்மன் இறங்கியதன் அடையாளமாகச் சடையைக் கருதும் சாமியாடிகள், குறி சொல்வோர், துறவிகள் என இவர்கள் பல வகையினர். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி மே மாதத்து வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்தில் வெளியூர்ச் சடாமுடிச் சாமியார்களையும் இந்தப் பக்கம் காணலாம். பிற்காலத்தில் ரெகே இசை வழியாகவும் கடற்கரைச் சுற்றுலா ஊர்கள் வழியாகவும் வந்த ‘ட்ரெட்லொக்ஸ்’ சிகையை விரும்பும் இளைஞர்கள் தனி வகை. இவர்கள் ஊசி வைத்துப் பின்னிச் சடையை உருவாக்கிக்கொள்கிறார்கள். காமன் கூத்தில் சிவன் வேடத்துக்குக் கட்டும் சடை பொய்முடி என்பதால் இந்தக் கட்டுரைக்குள் வராது.

இலங்கையில் சடைமுடியை ஆழமாக ஆராய்ந்தவர் மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர. கதிர்காமத்தில் சடை வளர்த்த பக்தர்களை, பெரும்பாலும் பெண்களை, நேரில் சந்தித்துப் பேசி அவர் எழுதிய ‘மெடூசாஸ் ஹேர்’ என்ற நூல் 1981இல் வெளிவந்தது. சடையைத் தெய்வம் தந்த வரமாக அவர்கள் எண்ணுவதையும் அதை இழக்க அஞ்சுவதையும் அந்நூல் விரிவாகப் பதிவு செய்கிறது. மலையகத் தோட்டங்களிலிருந்து கதிர்காமத்துக்குப் போய்வரும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆகவே அங்குள்ள நம்பிக்கை இங்கு அந்நியமானதல்ல.

எல்லாச் சடையும் விரும்பி வளர்த்ததல்ல. நீண்ட காய்ச்சல், பிரசவம், மனச்சோர்வு போன்ற காலங்களில் தலைவாரப்படாமல் கிடக்கும் கூந்தல் சில வாரங்களிலேயே கட்டியாகிவிடும். மருத்துவம் இதை ‘பிளைக்கா பொலோனிக்கா’ என்கிறது. தெய்வக் குற்றத்துக்கு அஞ்சி அதைத் தொடாமல் விடும் குடும்பங்களில் சடை விழுந்த பெண் ஆண்டுக்கணக்கில் கழுத்து வலியோடு அதைச் சுமக்கிறாள். மகாராட்டிரத்தில் நரேந்திர தாபோல்கர் 1989இல் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பு, இப்படிச் சடை விழுந்த பெண்களின் வீட்டாரிடம் பேசி, அவர்கள் சம்மதத்துடன் அதை வெட்டி நீக்கும் பணியைச் செய்துவருகிறது.

தாவரம்

சோற்றுக்கற்றாழையின் தாயகம் அரேபியத் தீபகற்பம். அறிவியல் பெயர் வைக்கும் பந்தயம் 1768 ஏப்ரலில் நடந்தது. தாவரவியலாளர் பர்மன் தம் ‘ஃபுளோரா இண்டிகா’வில் ‘அலோ வெரா’ என்று பெயரிட்டார். சில நாள் பிந்திய பிலிப் மில்லர் ‘அலோ பார்படென்சிஸ்’ என்றார். முந்தியவர் வைத்ததே நிலைத்தது. சித்த மருத்துவத்தில் இதற்குக் குமரி, கன்னி என்ற பெயர்கள் உண்டு. சிங்களத்தில் கோமாரிக்கா.

இலங்கையில் இது உலர் வலயத்துச் செடி. மன்னார், புத்தளம் போன்ற கரையோர மணல்நிலத்தில் செழிக்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவு. ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் தரையில் உறைபனி படிவதுண்டு. நீர் நிரம்பிய கற்றாழை மடல் அந்தப் பனியில் கண்ணாடிபோல் வெளுத்து அழுகிவிடும். மழையில் ஊறும் மண்ணில் வேரும் அழுகும். எனவே லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீடு) வாசலில் வளர்ப்பவர்கள் மணல் கலந்த மண்ணில், கூரைத் தாழ்வாரத்தின் கீழ், பழைய வாளியிலோ தகரத்திலோ வைப்பதே சரி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலைப்பாதை ஓரங்களிலும் வேலிகளிலும் ஆளுயரத்துக்கு வளரும் ஆனைக்கற்றாழை வேறு இனம். அதன் சாற்றிலுள்ள ஊசி வடிவக் கல்சியம் ஒக்சலேட் படிகங்கள் தோலைக் குத்திக் கொப்புளம் எழுப்பும். பெயரில் கற்றாழை இருக்கிறது என்பதற்காக அதைத் தலையில் வைத்தால் துன்பம்தான்.

சடையில் அது செய்வது

கற்றாழைச் சோற்றில் 98 விழுக்காட்டுக்கு மேல் நீர். மீதியில் முக்கியமானவை அசிமன்னான் போன்ற கூட்டுச் சர்க்கரைகள். வழுவழுப்பு இவற்றால் வருவதே. சோறு இலேசான அமிலத்தன்மை கொண்டது, தலைத்தோலின் இயல்புக்கு நெருக்கமானது. உடுப்புத் துவைக்கும் சவர்க்காரக் கட்டியையே தலைக்கும் போட்டு வறண்டு அரிக்கும் தோலுக்கு இது இதமளிப்பதன் காரணம் இதுதான். பொடுகும் சிவப்பும் சேர்ந்த தோல் அழற்சி உள்ள 44 பேரிடம் கற்றாழைப் பூச்சைச் சோதித்த ஆய்வொன்று 1999இல் வெளியானது. செதிலும் அரிப்பும் குறைந்ததை அது காட்டியது. ஆய்வு சிறியது, சடைமுடிக்கென்று செய்ததும் அல்ல.

முடி வளரும், நரை மாறும் என்ற விளம்பரப் பேச்சுக்கு இந்த அளவு ஆதாரம்கூட இல்லை. சடையைப் பொறுத்தவரை கற்றாழைக்கு இரண்டே வேலைகள்: தலைத்தோலை ஆற்றுவது, சடையின் மேற்புறத்துப் பிசிறுகளைப் படிய வைப்பது. புதிதாகச் சடை பிடிக்க வைப்போர் முதல் சில மாதங்களில் இதைக் குறைத்துக்கொள்வது நல்லது. வழுக்கும் முடி ஒன்றோடொன்று சிக்காது. அதே குணம் சடையைப் பிரிக்க நினைப்பவருக்கு உதவும். கற்றாழைச் சோறும் எண்ணெயும் சேர்த்து ஊறவைத்து, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்தால் இளஞ்சடையை வெட்டாமலே பிரிக்க முடியும். பல ஆண்டு இறுகியதற்குக் கத்தரிக்கோல்தான்.

எண்ணெய் விடயத்தில் மலைநாட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். நுவரெலியாவில் ஆண்டின் பெரும்பகுதி அது போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாகவே இருக்கிறது. சூடாக்கித் தடவினால் தலைத்தோல் அருகே உடற்சூட்டில் இளகி நிற்கும். தோளுக்குக் கீழே தொங்கும் சடைக்குள் மறுபடி உறைந்து, அடுப்புப் புகையையும் தூசியையும் பிடித்துவைக்கும். கற்றாழைச் சாறு உறையாது, அலசினால் போய்விடும். இந்த மலைக்கு எண்ணெயைவிட அது ஏற்றது என்று சொல்லத் துணிவது இதனால்தான்.

எடுக்கும் முறை

முற்றிய மடலை அடியில் வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால்மணி நேரம் சாய்த்து வைத்தால் மஞ்சள் பால் வடியும். அதிலுள்ள அலோயின் தோலை அரிக்கும் பொருள். சித்த மருத்துவ நூல்கள் சோற்றை ஏழு தரம் நீரில் கழுவச் சொல்வதற்கு இந்தப் பாலை நீக்குவதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். கழுவிய சோற்றை மசித்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். சாதாரணக் கூந்தலுக்கு வடிகட்டாவிட்டாலும் பரவாயில்லை. சடைக்குள் போன சோற்றுத் துணுக்கு வெளியே வராது, உள்ளேயே அழுகும். சீயக்காய்த் தூளையும் தயிரையும் சடைக்குத் தவிர்க்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

வடித்த சாற்றில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்து, சடைகளின் இடையே தெரியும் தலைத்தோலில் விரல்நுனியால் தடவி, இருபது நிமிடம் விட்டு, சடையைப் பிழிந்து பிழிந்து அலசலாம். அன்றன்று எடுத்ததே நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. கடையில் விற்கும் பச்சைநிற ‘ஜெல்’ பலவற்றில் கார்போமர் என்ற கெட்டியாக்கி சேர்ந்திருக்கும். காய்ந்தபின் அது வெள்ளைப் பொருக்காகச் சடையில் தங்கும்.

உலர்த்துதல்

முழுப் பராமரிப்பிலும் கடினமான பகுதி இதுதான். வட்டவளை போன்ற இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரை எட்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை கயிற்றில் போட்ட துணிகூடக் காயாது. விரல் கனத்த சடை எப்படிக் காயும்? வெளிப்புறம் தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்க, நடுவில் ஈரம் நிற்கும். அங்கே பூஞ்சை பிடித்தால் பாசி வாடை வரும், உட்பகுதி சாம்பல் நிறமாகும். அந்த நிலைக்குப் போன சடையை எந்தச் சாறும் மீட்காது.

விடியற்காலைப் பீலியில் தலைக்குக் குளித்துவிட்டுப் பெரட்டுக்கு (காலை ஆட்கணக்கெடுப்புக்கு) போகும் தொழிலாளி, நனைந்த சடையின்மேல் துணியைச் சுற்றி, அதன்மேல் கொழுந்துக் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டால் ஈரம் நாள் முழுதும் அடைபடும். கூடையின் பாரமும் நீர் குடித்த சடையின் பாரமும் சேர்ந்து மயிர்க்காலை இழுக்கும். முன்னந்தலை முடி உதிர்வதற்கு இந்த இழுவையே காரணமானால் கற்றாழையால் பயன் கிடையாது. ஓய்வுநாளின் காலையில், வெயில் இருக்கும்போது தலைகழுவி, பருத்தித் துணியால் ஒவ்வொரு சடையாக அழுத்திப் பிழிந்து, மாலைக்குள் காயவிடுவதே வழி. அடைமழை வாரங்களில் தலைத்தோலை மட்டும் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

ஜமேக்காவில்

ஜமேக்காவின் ராஸ்தாபரி இயக்கத்தார் சடைகழுவக் கற்றாழையைப் பயன்படுத்துவது நன்கு அறியப்பட்டது. அந்த இயக்கம் 1930களில் எழுந்தது. அதற்கு முன்பே, 1845இல், பிரித்தானியர் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஜமேக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றியிருந்தனர். அவர்களோடு சென்ற சாதுக்களின் சடாமுடியே ராஸ்தாக்களின் சடைக்கு ஒரு தூண்டுதல் என்று அஜய், லட்சுமி மான்சிங் ஆகிய ஆய்வாளர்கள் வாதிட்டனர். ஆப்பிரிக்க மரபையே மூலமாகக் கொள்வோர் இதை ஏற்பதில்லை. எப்படியானாலும், மலையகத் தமிழரின் முன்னோரைக் கோப்பிக்கும் தேயிலைக்கும் கொண்டுவந்த அதே பேரரசுதான் அவர்களையும் கொண்டுபோனது. இன்று ஹட்டன் இளைஞன் ரெகே பாடகரைப் பார்த்து வளர்க்கும் சடையில் அந்தப் பயணத்தின் ஒரு கூறு திரும்பி வந்திருக்கவும் கூடும்.

எச்சரிக்கை

முதன்முறை பயன்படுத்துவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். சீழ் வடியும் புண், வட்டமாக முடி உதிர்ந்த செதில், பேன் கடித்துச் சொறிந்த புண் ஆகியவற்றின்மேல் கற்றாழை தடவிக் காலம் கடத்தக் கூடாது. இவற்றுக்கு வைத்தியசாலையில் மருந்து உண்டு, மருந்துக்காகச் சடையை வெட்ட வேண்டிய அவசியம் எல்லா வேளையிலும் வருவதில்லை.